வாக்கியம் புரிகிறது, கட்டுரை புரியவில்லை: ஜப்பானியம் படிக்கும் ஒருவருக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலையைத் தேறிவிட்டு, அதற்கு அடுத்த மேல்நிலையான என்2க்குத் தயாராகும் ஒருவர் கேட்டது இது: "கன்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) ஓரளவு வருகிறது. இலக்கணத்தில் நல்ல மதிப்பெண். எந்த வாக்கியத்தைக் காட்டினாலும் தமிழில் பொருள் சொல்லிவிடுவேன். ஆனால் வாசிப்புப் பகுதியில் ஒரு பக்கம் படித்து முடித்தபின், எழுதியவர் என்னதான் சொல்ல வருகிறார் என்று கேட்டால் விழிக்கிறேன். இன்னும் எத்தனை வார்த்தை மனப்பாடம் செய்ய வேண்டும்?"

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் குறை வார்த்தையில் இருப்பதாகத் தெரியவில்லை. ஓர் உரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் எந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் கைவரவில்லை. இது தனியாகப் பழக வேண்டிய ஒன்று. ஆனால் வகுப்புகளில் பெரும்பாலும் யாரும் இதைத் தனியாகச் சொல்லித்தருவதில்லை.

நான் சென்னையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியம் சொல்லித்தருகிறேன். அதற்கு முன்னால் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றவன். என்2வில் மொத்தம் 180க்கு 90 எடுத்தால் போதும். ஆனால் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 60க்குக் குறைந்தது 19 வேண்டும். முதல்முறை எழுதியபோது என் மொத்த மதிப்பெண் நூறைத் தாண்டியது. வாசிப்பில் 17. தேறவில்லை. அடுத்த ஐந்து மாதம் ராத்திரி பகலாக வார்த்தைப் பட்டியலோடு மல்லுக்கட்டினேன். மறுபடி எழுதினேன், வாசிப்பில் 18 வந்தது. அத்தனை உழைப்புக்கும் ஒரே ஒரு மதிப்பெண். அதற்குப் பிறகுதான் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் வந்தது.

தமிழருக்கு ஜப்பானிய வாக்கியம் ஏன் சுலபமாக வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 'கினோ வதாஷி கா கத்தா ஹொன்'. கினோ என்றால் நேற்று, வதாஷி நான், கத்தா வாங்கிய, ஹொன் புத்தகம். நடுவில் வரும் 'கா' எழுவாயைக் காட்டும் இடைச்சொல். அதை மட்டும் தள்ளிவிட்டால் 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்று ஒரு சொல்கூட இடம் மாறாமல் தமிழாகிவிடுகிறது. 'தபெதெ மிரு' என்பது அப்படியே 'சாப்பிட்டுப் பார்'; அந்த 'மிரு'வும் கண்ணால் பார்ப்பதைக் குறிக்கும் அதே வினைதான். 'யார்' என்பதோடு 'உம்' சேர்த்து 'யாரும்' ஆக்குவதுபோல, 'தாரெ'யோடு 'மோ' சேர்த்து 'தாரெமோ' ஆக்குகிறார்கள். 'என்று' செய்கிற வேலையை 'தொ' செய்கிறது. இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வகுப்பில் இந்த ஒற்றுமை நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வாக்கியத்தின் கடைசியிலிருக்கும் வினையைத் தேடிப்போய்த் திரும்பி வருகிற நேரத்தில் நாம் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம்.

இந்தச் சலுகை ஒன்றை அம்பலப்படுத்துகிறது. ஆங்கிலம் படிக்கும்போது புரியவில்லை என்றால் வாக்கியம் புரியவில்லையா, கட்டுரை புரியவில்லையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஜப்பானியத்தில் வாக்கியச் சிக்கல் நமக்குக் குறைவு. அது போனபின்னும் புரியவில்லை என்றால், மிச்சமிருப்பது உரையின் அமைப்பு.

வாசிப்பு ஆராய்ச்சியில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1970களிலிருந்து அமெரிக்காவில் பானி மேயர் என்ற ஆய்வாளர் உரைகளின் மேல்மட்ட அமைப்பை ஆராய்ந்து வந்தார். விவரங்களை வெறுமனே அடுக்குவது, கால வரிசையில் சொல்வது, காரணமும் விளைவும், சிக்கலும் தீர்வும், ஒப்பீடு என்று ஐந்தாறு வகைக்குள் பெரும்பாலான விளக்க உரைகள் அடங்கிவிடுகின்றன என்பது அவர் கண்டது. பிறகு பட்ரீஷியா காரெல் இதை அந்நிய மொழிக்குக் கொண்டுபோனார். ஆங்கிலம் கற்க வந்த, ஸ்பானியம், அரபு, கிழக்காசிய மொழிகள் என வெவ்வேறு தாய்மொழி கொண்ட மாணவர்களுக்கு, உடலில் நீர் குறைவது பற்றிய ஒரே செய்தியை நான்கு விதமாக எழுதிக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு ஒப்பீடாக, இன்னொன்றுக்குக் காரணம்–விளைவாக, மூன்றாவதுக்குச் சிக்கல்–தீர்வாக, நான்காவதுக்கு விவரங்களின் அடுக்காக. 1984இல் வெளிவந்த முடிவு: கட்டு இறுக்கமாக இருந்த முதல் மூன்றையும் படித்தவர்களுக்கு, வெறும் அடுக்கைப் படித்தவர்களைவிட அதிகம் நினைவில் நின்றது. செய்தி ஒன்றுதான். அதை மாட்டிய சட்டம், அதாவது அமைப்பு, மட்டும் மாறியது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. எழுதியவர் வைத்த அமைப்பைப் பிடித்து, அதே அமைப்பிலேயே திருப்பிச் சொன்னவர்களுக்கு நினைவு மேலும் நன்றாக இருந்தது. ஆனால் அப்படிச் செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்த ஆண்டு காரெல் ஒரு வாரம் மட்டும் அமைப்பைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஒரு வாரத்தில் யாருக்கும் வார்த்தை வளம் பெருகிவிடாது. பார்க்கும் விதம் மாறியிருக்கிறது.

ஏன் இப்படி? தாய்மொழியில் சொற்கள் தானாக ஓடுகின்றன. மனதில் மிச்ச இடம் நிறைய இருக்கிறது. அந்நிய மொழியில் ஒவ்வொரு கன்ஜியும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாவது வாக்கியத்துக்கு வரும்போது முதல் வாக்கியம் நழுவிவிடுகிறது. சட்டம் தெரிந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் ஆணியில் மாட்டிவிட்டு நகரலாம். கையில் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. தமிழில் நீங்கள் நாவல்களாகப் படித்துத் தள்ளுபவராக இருக்கலாம். அந்தத் திறமை அப்படியே கூட வராது. மார்க் கிளார்க் என்பவர் 1980இல் ஸ்பானியம் பேசும் மாணவர்களிடம் இதைக் கவனித்தார். தாய்மொழியில் நன்றாகப் படிப்பவர்கள்கூட ஆங்கிலத்துக்கு வந்ததும் சொல் சொல்லாகத் தடவத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஷார்ட் சர்க்யூட்'. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சரி, சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது நமக்குப் பழக்கமில்லாத சட்டமாக இருந்தால்? வால்டர் கின்ச்சும் இடித் கிரீனும் 1978இல் அமெரிக்க மாணவர்களுக்கு கிரிம் தொகுப்பிலிருந்து ஒரு தேவதைக் கதையையும், அப்பாச்சி பழங்குடியினரின் கதை ஒன்றையும் கொடுத்து, ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சொல்லிக் கடத்த வைத்தார்கள். ஐரோப்பியக் கதை பெரிய சேதமில்லாமல் கடைசி ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அப்பாச்சி கதை வழியில் உருக்குலைந்து போனது. இரண்டும் அவர்களின் தாய்மொழியான ஆங்கிலத்திலேயே இருந்தன. கதை இப்படித்தான் போகும் என்ற எதிர்பார்ப்புக்குள் ஒன்று பொருந்தியது, மற்றது பொருந்தவில்லை.

இனி கையில் எடுத்துப் பார்ப்போம். என்2, என்1 தேர்வுகளில் வரும் கட்டுரைகளின் பாணியில் நான் வகுப்புக்காக எழுதி வைத்திருக்கும் ஒரு துண்டு இது. மொழி தடையாக இருக்கக் கூடாது என்பதற்காக முதல் நாள் இதைத் தமிழிலேயே கொடுப்பேன்.

"ஸ்டேஷன் பக்கத்தில் குடை பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோதே இருந்தது. வயதான ஒருவர் தனியாக உட்கார்ந்து கம்பி மாற்றிக்கொண்டிருப்பார்.

இப்போதெல்லாம் யாரும் குடையைப் பழுதுபார்ப்பதில்லை. 500 யென்னுக்குப் பிளாஸ்டிக் குடை கிடைக்கிறது. புயல் அடித்த மறுநாள் காலையில் குப்பைத்தொட்டிகளில் ஒடிந்த வெள்ளைக் குடைகள் நிரம்பிக் கிடக்கின்றன.

என் பாட்டி கடிதம் எழுதும்போது ஓர் எழுத்து தவறிப்போனால் தாளைக் கிழிக்க மாட்டார். தவறின்மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் சரியான எழுத்தைச் சின்னதாக எழுதுவார்.

போன வாரம் என் குடையை அந்தக் கடையில் கொடுத்து வாங்கினேன். எட்டுக் கம்பிகளில் ஒன்று மட்டும் வேறு நிறம். விரிக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. சரிசெய்த இடம் மறையாமல் தெரிவதில்தானே ஒரு பொருளோடு நமக்கு இருக்கும் உறவு இருக்கிறது, இல்லையா?"

கேள்வி வழக்கமான கேள்விதான்: எழுதியவர் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல விரும்புவது என்ன? தெரிவுகள் நான்கு. ஒன்று, மலிவான பொருட்களை வாங்கித் தூக்கி எறிவது குப்பையைப் பெருக்குகிறது. இரண்டு, கடிதத்தைக் கையால் எழுதும் பழக்கம் திரும்ப வேண்டும். மூன்று, பழுதுபார்த்த தடம் தெரிவது பொருளுக்கு மதிப்புச் சேர்க்கிறது. நான்கு, பழைய தொழில்கள் அழியாமல் காக்கப்பட வேண்டும்.

என் மாணவர்களில் பாதிக்கு மேல் ஒன்றையோ நான்கையோ எடுப்பார்கள். அதுவும் தமிழில் படித்துவிட்டு! ஏன் என்று கேட்டால், 'முதல் ரெண்டு பத்தியும் அதைத்தானே சார் சொல்லுது' என்பார்கள். பாட்டி எங்கே போனார் என்று கேட்டால், 'அது சும்மா நடுவுல ஒரு ஞாபகம்' என்று பதில் வரும். இந்த உரையின் சாவியே பாட்டிதான். குடைக்கும் கடிதத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் தவறோ பழுதோ மறைக்கப்படவில்லை. அந்தக் கோடும் அந்த வேறு நிறக் கம்பியும் ஒன்று. மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டால் இது உண்மையிலேயே குப்பை பற்றிய கட்டுரையாகிவிடும். அது வந்து சேர்ந்ததால்தான் முதலிரண்டு பத்திகள் தயாரிப்பு வேலையாகப் பின்னுக்குப் போகின்றன.

இந்த அமைப்புக்கு ஜப்பானியத்தில் கி–ஷோ–டென்–கெட்ஸு என்று பெயர். கி என்றால் எழுப்புவது, ஷோ ஏற்று வளர்ப்பது, டென் திருப்புவது, கெட்ஸு முடிச்சுப் போட்டுக் கட்டுவது. சீனத்தின் நான்கடிக் கவிதையிலிருந்து வந்த முறை. ஜப்பானில் நான்கு கட்ட கார்ட்டூன்களும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. மூன்றாவது கட்டத்தில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று நுழையும், நான்காவதில் சிரிப்பு வரும். 1980களில் ஜான் ஹைண்ட்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர், அசாஹி ஷிம்புன் நாளிதழின் முதல் பக்கத்தில் வரும் டென்செய் ஜிங்கோ என்ற பத்தியை எடுத்து இந்த அமைப்பை விளக்கினார். அவர் 1987இல் சொன்ன ஒரு வேறுபாடு எனக்கு மிகவும் உதவியது: ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லும் பொறுப்பு எழுதுபவருடையது, ஜப்பானியத்தில் இணைத்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு வாசகருடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதைப் பிடித்துக்கொண்டு 'ஜப்பானியர் சுற்றி வளைத்துத்தான் யோசிப்பார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராபர்ட் கப்லான் 1966இல் எழுதிய கட்டுரையில் ஆங்கிலச் சிந்தனையை நேர்கோடாகவும் கிழக்கு நாட்டவர் சிந்தனையைச் சுருள் கோடாகவும் வரைந்து காட்டினார். அந்தப் படம் பிரபலமானது, பலத்த எதிர்ப்பையும் வாங்கியது. ரியூகோ குபோதா 1997இல், ஜப்பானிய எழுத்தை ஒரே அச்சில் வார்த்தது போலப் பேசுவதை விரிவாக மறுத்தார். அவர் சொன்னது நியாயம். ஜப்பானிய ஆய்வுக் கட்டுரையும் செய்தி அறிக்கையும் வாஷிங் மெஷின் கையேடும் மற்ற மொழிகளில் இருப்பதைப் போலத்தான் இருக்கின்றன. தேர்வில் ஊர் நூலக அறிவிப்பையோ நீச்சல் வகுப்புக் கட்டண அட்டவணையையோ கொடுத்துத் தகவல் தேடச் சொல்லும் கேள்வியில் டென்னும் கிடையாது, கெட்ஸுவும் கிடையாது. அங்கே கேள்வியை முதலில் படித்துவிட்டு வேண்டிய கட்டத்துக்குப் போங்கள், வேறெதுவும் தேவையில்லை. கி–ஷோ–டென்–கெட்ஸு என்பது அனுபவக் கட்டுரைகளுக்கும் கருத்துக் கட்டுரைகளுக்கும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு சாவி. தேர்வில் அத்தகைய கட்டுரைகள் நிறைய வருவதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நம் பக்கத்திலிருந்து நாம் என்ன எதிர்பார்ப்பைக் கொண்டுபோகிறோம்? பள்ளியில் எழுதிய கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். முன்னுரை, அப்புறம் உட்தலைப்புகள், கடைசியில் முடிவுரை. முன்னுரையிலேயே பொருளைச் சொல்லிவிடுவோம், முடிவுரையில் அதையே வேறு வார்த்தையில் சொல்வோம். கல்லூரியில் ஆங்கிலப் பத்தி எழுதும்போது முதல் வாக்கியத்தில் மையக் கருத்து வர வேண்டும் என்றார்கள். ஆக, முதல் பத்தியில் என்ன வருகிறதோ அதுதான் பொருள் என்பது நமக்குள் ஊறிப்போன பழக்கம். குடைக் கட்டுரையில் காலை வாரிவிட்டது அந்தப் பழக்கம்தான்.

ஆனால் தமிழ் வாசகருக்கு வேறொரு பழக்கமும் இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதில்லை. முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளெல்லாம் அகரத்தை முதலாகக் கொண்டவை. உலகம் ஆதிபகவனை முதலாகக் கொண்டது. இரண்டு தனித்தனிக் கூற்றுகள். நடுவில் 'போல' என்ற சொல் இல்லை. அதை நாமே உள்ளே வைத்துப் படிக்கிறோம். எடுத்துக்காட்டு உவமையணி என்று பத்தாம் வகுப்பு மாணவன்கூடப் பெயர் சொல்லிவிடுவான். டென் பத்தி கேட்பதும் இதைத்தான்: உவம உருபு மறைந்திருக்கிறது, நீ சேர்த்துக்கொள். சங்க அகப்பாடல்களின் உள்ளுறை இன்னும் ஒரு படி மேலே. அங்கே இரண்டாவது கூற்றே வெளியில் வராது, குளத்தையும் மீனையும் மட்டும் காட்டிவிட்டு மனிதரைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள். இப்படிப் படித்துப் பழகிய மொழியிலிருந்து வந்தவருக்கு ஜப்பானியக் கட்டுரை அந்நியமாக இருக்க வேண்டியதே இல்லை. 'மூணாவது பத்தியை உவமைன்னு நினைச்சுப் படிங்க' என்று சொன்ன அன்றைக்கே சிலருக்குச் சட்டென்று திறந்துவிடுவதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பத்திகளுக்கு இடையிலான அமைப்பு இது. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையிலும் ஒரு நூல் ஓடுகிறது. அதில் தமிழருக்கு ஒரு குறிப்பான இடறல் உண்டு: வா, கா என்ற இரண்டு இடைச்சொற்கள். ஜப்பானியக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த மொமோதாரோ கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். ஒரு ஊரில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். அங்கே வருவது 'கா'. தாத்தா மலைக்கு விறகு பொறுக்கப் போனார், பாட்டி ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனார். இங்கே 'வா'. புதிதாக மேடைக்கு வருபவருக்கு 'கா', ஏற்கனவே அறிமுகமாகிவிட்டவரைப் பற்றி மேலே பேசும்போது 'வா'. தமிழில் இந்த வேலையை 'ஒரு தாத்தா', 'அந்தத் தாத்தா' என்று பெயருக்கு முன்னால் செய்துவிடுகிறோம். பின்னால் ஒட்டுகிற இடைச்சொல்லில் இந்தச் செய்தி இருக்கும் என்று நம் கண் எதிர்பார்ப்பதில்லை. வாக்கியத்தைத் தனியாக மொழிபெயர்க்கும்போது இரண்டுமே எழுவாய் என்று போய்விடுகிறது, எந்த நஷ்டமும் தெரிவதில்லை. பத்தியாகப் படிக்கும்போதுதான் நஷ்டம் தெரியும்.

இலக்கண அறிஞர் மிகாமி அகிரா 1960இல் எழுதிய நூலின் தலைப்பே 'யானைக்கு மூக்கு நீளம்' என்பதற்கான ஜப்பானிய வாக்கியம்தான். 'வா' முற்றுப்புள்ளியைத் தாண்டிப் போகும் என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம். ஒருமுறை 'வா' போட்டு ஒரு தலைப்பை நிறுத்திவிட்டால், அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுவாயே இல்லாவிட்டாலும் அவை அதைப் பற்றித்தான் பேசுகின்றன, அடுத்த 'வா' வரும் வரை. என் மாணவர்களிடம் பென்சிலைக் கொடுத்துப் பத்தியிலுள்ள 'வா'க்களை மட்டும் வட்டமிடச் சொல்வேன். வட்டங்களை மட்டும் வரிசையாகப் படித்தால் கட்டுரை எதைப் பற்றியது, எங்கே திசை மாறுகிறது என்று தெரியும். ஒப்பிடுவதற்கும் 'வா' வருவதுண்டு. இரண்டு 'வா' எதிரெதிராக நின்றால் அங்கே இரண்டு பொருளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'கொ', 'சொ', 'ஆ' என்ற சுட்டுகளிலும் கவனம் வேண்டும். தமிழின் இ, உ, அ மாதிரியே மூன்று தூரம் இவை. உகரச் சுட்டைத் தமிழ்நாட்டில் கைவிட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்' என்று இன்னும் பேசுகிறார்கள். அதனால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதில் ஒருபடி முன்னிலை உண்டு. வாசிப்புத் தேர்வில் கோடிட்ட 'சொரெ' எதைக் குறிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் அதற்குச் சற்று முன்னால் ஒன்றிரண்டு வாக்கியங்களுக்குள் இருக்கும், பல நேரம் ஒரு பொருளாக இல்லாமல் ஒரு முழுக் கருத்தாக இருக்கும்.

இன்னொரு பொறி, ஒப்புக்கொள்வது போல ஒப்புக்கொண்டு மறுப்பது. 'தாஷிகானி' என்று தொடங்கினால் 'உண்மைதான்' என்று பொருள். 'மொச்சிரோன்' என்றால் 'நிச்சயமாக'. "உண்மைதான், செல்போன் வந்தபின் வேலை வேகமாக நடக்கிறது. தொலைவில் இருப்பவரோடு நினைத்த நேரத்தில் பேசலாம். ஷிகாஷி..." அந்த ஷிகாஷி, அதாவது 'ஆனால்', வரும் வரை எழுதியவர் தன் கருத்தைச் சொல்லவே இல்லை. எதிர்த்தரப்புக்கு இடம் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். தேர்வில் தவறான தெரிவுகளில் ஒன்று இந்த இரண்டு வாக்கியத்திலிருந்து நேராக எடுத்ததாக இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை உரையில் இருப்பதால் சரி என்றே தோன்றும். 'என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது' என்ற தொடர் வந்தாலும் இதே எச்சரிக்கை. மாறாக, 'தெவா நை தாரோ கா' என்று ஒரு வாக்கியம் முடிந்தால் அங்கே நின்று கோடு போடுங்கள். வடிவத்தில் கேள்வி, குடைக் கட்டுரையின் கடைசி 'இல்லையா?' மாதிரி. கருத்துக் கட்டுரைகளில் எழுதியவர் மனம் திறக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு விடை எழுதலாம் என்று சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். பாதி நேரம் அது பலிக்கும், கெட்ஸு அங்கே இருப்பதால். ஆனால் கெட்ஸு எதைக் கட்டுகிறது என்று தெரியாமல் முடிச்சை மட்டும் பார்த்தால், தெரிவுகளில் மூன்று ஒரே மாதிரி தெரியும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

அமைப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உதவியில்லாமல் ஓர் உரையைச் சுகமாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் நேஷனும் 2000இல் ஆங்கில வாசிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள். பத்துக்கு இரண்டு சொல் தெரியாத நிலையில் ஒருவர் கி–ஷோ–டென்–கெட்ஸுவைத் தேடிப் பயனில்லை. அவர் முதலில் வார்த்தைக்குத்தான் போக வேண்டும். உங்கள் நிலை அதுவா என்று சோதிக்க வழி இருக்கிறது. பழைய வினாத்தாளில் ஒரு பத்தியை எடுத்து, தெரியாத சொற்களையெல்லாம் அகராதி பார்த்து எழுதிக்கொண்டு, நேரக் கணக்கில்லாமல் நிதானமாகப் படியுங்கள். அதன்பின் விடை சரியாக வந்தால் உங்கள் குறை வார்த்தையிலோ வேகத்திலோ இருக்கிறது. அத்தனை சொல்லும் தெரிந்தும் தவறாக வந்தால், நான் சொல்வதைச் செய்து பாருங்கள்.

தினமும் ஒரே ஒரு கட்டுரை போதும். படித்து முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் தமிழில் ஓரிரு சொல் எழுதுங்கள். அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று எழுதாதீர்கள், என்ன செய்கிறது என்று எழுதுங்கள். 'குடைக்கடை' என்று எழுதினால் அது உள்ளடக்கம். 'பேச்சை எடுக்கிறார்', 'ஊர் வழக்கத்தைச் சொல்கிறார்', 'ஒப்புக்கொள்கிறார்', 'உவமை வைக்கிறார்', 'முடிச்சுப் போடுகிறார்' என்று எழுதினால் அது வேலை. முதல் வாரம் கை போகாது. எல்லாப் பத்திக்கும் 'விளக்குகிறார்' என்றே எழுதத் தோன்றும். அந்தச் சொல்லை மட்டும் உங்களுக்கு நீங்களே தடை செய்துவிடுங்கள்.

பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் யாரிடமாவது இரண்டு நிமிடம் தமிழில் அந்தக் கட்டுரையைச் சொல்லுங்கள். எழுதியவரின் வரிசையிலேயே சொல்ல வேண்டும். எந்த இடத்தில் திக்குகிறீர்களோ அந்த இடத்தில் அமைப்பு உங்களுக்குப் பிடிபடவில்லை. பெரும்பாலும் அது மூன்றாவது பத்தியாக இருக்கும். நான் அந்த நாட்களில் என் அம்மாவிடம் சொல்வேன். அவருக்கு ஜப்பானியம் ஒரு சொல்லும் தெரியாது. 'அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?' என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் நான் சரியாகப் படிக்காத இடம் அகப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து டென்செய் ஜிங்கோவுக்கு வாருங்கள். அது சுமார் 600 எழுத்துக்குள் முடிந்துவிடும், பத்திகளுக்கு இடையே வரி உடைக்காமல் தலைகீழான கறுப்பு முக்கோணம் போட்டிருப்பார்கள். மொழி என்2வைவிடக் கடினம், அதனால் அகராதியோடு உட்காருங்கள். ஒரு முக்கோணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள துண்டுகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்துவிட்டு, மறுநாள் அடுக்கிப் பாருங்கள். நான் இதைச் செய்த முதல் சில நாட்கள் ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. அடுக்கும்போது வேறு வழியில்லாமல் எந்தச் சீட்டு 'கா' போட்டு ஆளை அறிமுகம் செய்கிறது, எது 'சொரெ' என்று முன்னால் இருந்ததைச் சுட்டுகிறது, எது திடீரென்று வேறு ஊருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை தேர்வு எழுதப் போனபோது புதிதாக நான் படித்திருந்த வார்த்தைகள் மிகக் கொஞ்சம். வாசிப்பில் 41 வந்தது. அந்தச் சீட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இன்னும் என்னிடம் இருக்கின்றன. வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.